விடியுமுன் கிழக்கே எழும் கூம்பு வெளிச்சம்: இரவு வானக் கேள்வி பதில்

கேள்வி (இராயக்கோட்டை, பூ விவசாயி): ஐப்பசியில் காலை நான்கரை மணிக்குப் பூப்பறிக்கப் போகும்போது, கிழக்கே வெளிறிய வெளிச்சம் கூம்பாக எழுகிறது. விடிந்துவிட்டது என்று பார்த்தால் மீண்டும் இருட்டாகவே இருக்கிறது. இது என்ன ஐயா?

பதில்: நீங்கள் கண்டது இராசிமண்டல ஒளி. கோள்கள் சூரியனைச் சுற்றும் தளத்தில் மிக நுண்ணிய தூசி பரவிக் கிடக்கிறது; வால்மீன்கள் உதிர்த்ததும் சிறுகோள்கள் மோதிச் சிதறியதும் அதில் உண்டு. அந்தத் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியே கூம்பாகத் தெரிகிறது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருப்பதால், அந்தத் தளம் அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களைவிட நமக்கு இது எளிதில் அகப்படும். ஊர் வெளிச்சம் அடிவானத்தை ஒட்டி அகலமாகப் படரும். இதுவோ மேலே போகப் போகக் குறுகும். உண்மையான விடியல், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகைக்கு வந்த பிறகே, அதாவது உதயத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்புதான் தொடங்கும். நிலவில்லாத நாளில் கைவிளக்கையும் செல்பேசியையும் அணைத்து அரை மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கிப் பாருங்கள்.

கேள்வி (பாலக்கோடு): ரயில்பெட்டிகள்போல் வரிசையாக விளக்குகள் நகர்ந்தன. பயமாக இருந்தது.

பதில்: புதிதாக ஏவப்பட்ட, இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அப்படித் தெரியும். பயம் வேண்டாம்.

கேள்வி (ஓசூர்): மாசி மாத மாலையில் தெற்கே தாழ்வாக ஒரு விண்மீன் நிறம் மாறி மாறி மின்னுகிறதே?

பதில்: அது அகத்திய விண்மீன், இரவு வானில் சிரியசுக்கு அடுத்துப் பிரகாசமானது. ஓசூரில் அது உச்சத்தில்கூட 25 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. அதன் ஒளி அடர்ந்த காற்றை நெடுந்தூரம் கடந்து வருவதால் நிறங்கள் பிரிந்து துடிக்கின்றன.

கேள்வி (அரூர், ஆசிரியர்): பௌர்ணமி நிலவு எழும்போது பெரிதாகத் தெரிவது, காற்றின் ஈரம் உருப்பெருக்கிபோல் செயல்படுவதால்தானே?

பதில்: இல்லை. காற்று நிலவைப் பெரிதாக்குவதில்லை. அதன் கீழ்விளிம்பை மேல்விளிம்பைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூக்கிக் காட்டித் தட்டையாக்குகிறது, அவ்வளவே. நிலவு உச்சிக்கு வரும்போது, எழும்போது இருந்த தொலைவில் பூமியின் ஆரமான சுமார் 6,400 கிலோமீட்டர் வரை குறைந்து நமக்கு நெருங்குகிறது. ஆகவே எழும் நிலவே சற்றுச் சிறியது.

கேள்வி (அரூர், அதே ஆசிரியர்): மன்னிக்கவும், ஏற்க இயலவில்லை. என் மாணவர்கள் அனைவரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

பதில்: மாணவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி விரலிடுக்கில் ஒரு மிளகைப் பிடித்து, எழும் நிலவையும் உச்சி நிலவையும் மறைத்துப் பார்க்கட்டும். இரண்டையும் அது ஒன்றுபோலவே மறைக்கும். ஒரே உருப்பெருக்கத்தில் இரண்டு படங்கள் எடுத்து அளந்தாலும் போதும். ஈரம் பெரிதாக்கியிருந்தால் படத்திலும் பெரிதாகப் பதிந்திருக்கும் அல்லவா?

கேள்வி (காவேரிப்பட்டணம்): ஆசிரியர் சொல்வதே சரி. மழைக்காலத்தில் நிலவு இன்னும் பெரிதாக இருக்கிறது.

பதில்: மிளகை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இது மூளையின் தோற்றமயக்கம். மூளை அதை எப்படி உண்டாக்குகிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

கேள்வி (தேன்கனிக்கோட்டை, கல்லூரி மாணவி): டிசம்பர் எரிகல் பொழிவைக் காண அஞ்செட்டிச் சாலைக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அது யானைகள் நடமாடும் காட்டுச் சாலை. இரவில் அங்கே நிற்கவே கூடாது. வீட்டு மொட்டைமாடி போதும். ஜெமினிட் பொழிவு டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சமடையும். எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் மிதுன விண்மீன் கூட்டம் நள்ளிரவுக்குப் பின் உயரத்தில் இருக்கும். 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள் உதிர்த்த துகள்கள், நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் புகுந்து ஒளிர்கின்றன. செல்பேசியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (தருமபுரி): எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

பதில்: முதலில் 7x50 (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) இருகண்நோக்கி வாங்குங்கள். பெரிய கருவியைப் பார்க்க விரும்பினால், ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது; பார்வையாளர் அனுமதியை அங்கேயே விசாரியுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): வரிசையாகப் போகும் விளக்குகள் என்ன?

பதில்: பாலக்கோட்டுக்காரருக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.