மாலை மையம் நடத்துகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

திருப்பூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பள்ளி விட்ட பிறகு நடக்கும் மாலை மையத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். கொரோனாவுக்குப் பிறகு தமிழக அரசு தொடங்கிய மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். இதுபோல் மையம் நடத்துகிறவர்களும் தொடங்க நினைப்பவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியிலும் மாலை மையம் தொடங்கப் போகிறோம். பாடத்திட்டம் எப்படி வகுப்பது? (தலைமை ஆசிரியர், ஈரோடு மாவட்டம்)

சார், பாடத்திட்டம் கடைசி வேலை. முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராக, சாயங்காலம் யார் கூட்டிப் போவார், அவர் வராவிட்டால் வேறு யார், எந்த வழியாகப் போவார்கள், நடுவில் மெயின் ரோடு இருக்கிறதா, இரண்டு போன் நம்பர், இவ்வளவையும் எழுதுங்கள். தனியாக நடந்து போகும் பிள்ளை என்றால், "தனியாக வரச் சம்மதம்" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சம்மதத்தை நான் ஏற்பதே இல்லை. பெரியவர் ஒருவர் வந்தாக வேண்டும், அல்லது அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காவோ அண்ணனோ கூட இருக்க வேண்டும்.

இல்லம் தேடிக் கல்வி பெரும்பாலும் பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. வகுப்பு முடிந்ததும் இரண்டு சந்து தாண்டினால் வீடு. பள்ளியில் நடத்தும்போது அந்த வசதி இல்லை. அந்த நோட்டு முழுமையாக நிரம்பும்வரை தொடக்க நாளை அறிவிக்காதீர்கள்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் மையத்தைப் பற்றிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் நேரம், இடம், சாவி யாரிடம், பொறுப்பு யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்து கை ஒடிந்தால், "யாரைக் கேட்டு நடத்தினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

எத்தனை மணிவரை நடத்தலாம்? ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?

இல்லம் தேடிக் கல்வியில் மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் என்று வைத்தார்கள். ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் என்பது கணக்கு. பள்ளியிலேயே நடத்துகிறவர்கள் பள்ளி விட்டதும் தொடங்கிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பும் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்துவிடும்.

இருபது என்பது மேல் வரம்பு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நிறைய இருந்தால் பத்துப் பன்னிரண்டுக்கு ஒருவர் வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் வளாகத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நடந்து போகும் பிள்ளைகளை அந்த மாதங்களில் ஐந்தரைக்கே அனுப்பிவிடுங்கள்.

நாலரை மணிக்கு என்ன கொடுப்பது? பிஸ்கட் போதுமா அக்கா? (தன்னார்வலர், தாராபுரம்)

பிஸ்கட் வேண்டாம் தம்பி. மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரைக்கு நன்றாகவே பசிக்கும், வெறும் சர்க்கரை அரை மணி நேரம்கூடத் தாங்காது. எங்கள் சுற்று: கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, அவல், கடலை மிட்டாய், வாழைப்பழம். சுண்டலுக்கு முந்தின இரவே ஊறவைக்க ஆள் வேண்டும். அம்மாக்கள் குழு ஒன்று முறை வைத்துச் செய்கிறது, பொருளுக்கான காசை மையம் கொடுக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். ஓடும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாக வையுங்கள்.

முதலில் சாப்பாடு, பிறகு அரை மணி நேரம் விளையாட்டு, அதற்கு அப்புறம்தான் புத்தகம். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை மறுபடி உட்கார வைத்தால் அது படிக்காது, பக்கத்துப் பிள்ளையையும் படிக்க விடாது.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. அந்த வகுப்புப் பாடத்தையே திரும்பச் சொல்லிக் கொடுக்கலாமா? (இடைநிலை ஆசிரியை)

வேண்டாம் மிஸ். காலையில் புரியாத பாடம் சாயங்காலம் மட்டும் எப்படிப் புரியும்? வகுப்பை மறந்துவிட்டு, எவ்வளவு படிக்க முடிகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் 'அசர்' ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் முறை சுலபமானது. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, ஒரு குட்டிக் கதை என்று படிக்கச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் குழு. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

பத்து வயதுப் பையனை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் வெட்கப்படுவான், உண்மைதான். அதனால் வாசிப்புக்கான அந்த நாற்பது நிமிடம் மட்டும் குழு மாறும். விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் அவரவர் வயது நண்பர்களோடுதான். அவன் கையில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். எளிய சொற்களில் உள்ள படக்கதையைக் கொடுங்கள். கிரிக்கெட் வீரர் பெயர்களை அட்டையில் எழுதிக் கொடுத்தால் சொல் குழுவில் உள்ள பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துக் குழுவை மாற்றுங்கள்.

கணக்குக்குப் பல்லாங்குழியும் தாயமும் போதும். பல்லாங்குழியில் எண்ணி எண்ணிப் போடும் பிள்ளை கொஞ்ச நாளில் எண்ணாமலே "இந்தக் குழியை எடுத்தால் அங்கே போய் முடியும்" என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் பயன் தருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொரோனாவுக்குப் பிறகு தமிழகக் கிராமப்புறக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022-இல் வந்தது, பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்ததாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாகவும் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி பெறாத, அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்த வேலை அது.

மையத்திலிருந்து வந்த பிறகும் வீட்டுப்பாடம் முடியாமல் இருக்கிறது. அதை முடித்து அனுப்பினால் என்ன? (ஒரு அம்மா)

கடைசி இருபது நிமிடம் அதற்காகவே ஒதுக்குகிறோம் அம்மா. அதற்குமேல் ஒதுக்க மாட்டோம். மையம் முழுக்க வீட்டுப்பாடமே எழுதினால், படிக்கத் தெரிந்த பிள்ளை பார்த்து எழுதி முடிக்கும், தெரியாத பிள்ளை அதைப் பார்த்து எழுதும், இரண்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். தமிழ் புரியாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

எங்கள் ஊரிலும் இதே கதைதான். கணக்கில் தொடங்குங்கள். எண்ணும் கூட்டலும் அவர்களுக்குத் தெரியும், சொல்லத்தான் தமிழ் இல்லை. "நான் ஒன்று, நீ ஏக்" என்று இரண்டு பக்கமும் சொல்ல வைத்தால் மற்றப் பிள்ளைகளும் இந்தி எண்களைக் கற்றுக்கொள்கிறார்கள். பேச்சுத் தமிழ் பாண்டி ஆடும்போதும் கொலை கொலையா முந்திரிக்கா ஆடும்போதும் தானாக வந்துவிடும். எழுத்துக்கு மட்டும் பொறுமையாகப் போங்கள்.

பெற்றோரிடம் போன் நம்பர் வாங்கும்போது முதலாளியின் அல்லது காம்பவுண்ட் வீட்டுக்காரரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். சிம் அடிக்கடி மாறும். குடும்பம் ஊருக்குப் போய்விட்டதா, வேறு கம்பெனிக்கு மாறியதா என்று தெரியாமல் பிள்ளை பெயர் மட்டும் பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று நாள் வராவிட்டால் ஆள் அனுப்பி விசாரியுங்கள்.

தன்னார்வலர்கள் நாலு மாதத்தில் போய்விடுகிறார்கள். எப்படி நிறுத்தி வைப்பது?

நிறுத்தி வைக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஏதாவது வரும். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அதற்கும் குறைவாகக் கொடுத்துக்கொண்டு "சேவை மனப்பான்மை இல்லை" என்று குறைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கொடுப்பதைத் தேதி தவறாமல் கொடுங்கள். அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். எப்போதும் ஒருவரைக் கூடுதலாகப் பழக்கி வையுங்கள்.

பிள்ளை பெற்ற, உள்ளூரிலேயே இருக்கும் முப்பது வயதுப் பெண்கள்தான் நீண்ட நாள் இருப்பார்கள். "எனக்கு ஆங்கிலம் வராதே" என்று தயங்குவார்கள். கதை சொல்லத் தெரியுமா என்று கேளுங்கள், போதும்.

நாங்கள் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். சிலர் சிங்கப்பூரிலும் சிலர் அமெரிக்காவிலும் இருக்கிறோம். மையத்துக்குப் பணம் அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். உங்கள் குழுவில் இரண்டு வகையினரும் இருப்பார்கள், கலந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியும் இருக்கிறது.

இன்னொன்று. எல்லாரும் ஸ்மார்ட் டிவி வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். ஒரு வருடத்துச் சுண்டல் செலவையும் தன்னார்வலர் ஊக்கத்தொகையையும் ஏற்றுக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. டிவி எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளி ஆசிரியர்களே காசு வாங்கிக்கொண்டு மாலை வகுப்பு எடுக்கலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

ஒரு குழந்தை வீட்டில் யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஜாடையாகச் சொன்னது. பெற்றோரிடம் சொன்னால் போதுமா?

போதாது. போக்சோ சட்டம் 2012-இன் 19-வது பிரிவுப்படி, இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்று தெரியவந்த யாரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். உடனே 1098-ஐ அழையுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். தலைமை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். ஆனால் அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறிப்பாக, வாட்ஸ்அப் குழுவில் பெயரோ வகுப்போ வரவே கூடாது. வீட்டில் இருப்பவர்மேல்தான் சந்தேகம் என்றால், வீட்டுக்குச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை உதவி எண்ணில் பேசுகிறவரிடமே கேளுங்கள். அன்று மாலை குழந்தையை யாருடன் அனுப்புவது என்பதையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடங்காத பையன்களை ஒரு தட்டுத் தட்டினால்தான் கேட்கிறார்கள் அக்கா.

தட்டக் கூடாது தம்பி. சட்டமும் அனுமதிக்காது. சுண்டல் பரிமாறும் வேலையை அந்தப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள்.

நேரத்துக்குக் கூட்டிப் போக வராத பெற்றோரை என்ன செய்வது? தினமும் ஒரு தன்னார்வலர் ஏழரைவரை உட்கார வேண்டியிருக்கிறது.

திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். ஓவர்டைம் என்றால் அந்த அம்மா கையில் ஒன்றுமில்லை, சூப்பர்வைசர் சொன்னால் நின்றாக வேண்டும். அதே தெருவில் இன்னொரு வீட்டை மாற்றாக ஏற்பாடு செய்து, பெயரை நோட்டில் ஏற்றுங்கள். அந்த நோட்டில் இல்லாதவர் யார் வந்தாலும், சித்தப்பா என்றாலும், பெற்றோரிடம் போனில் பேசாமல் அனுப்பாதீர்கள். அப்படித் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

காரணமே இல்லாமல் தாமதிக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்காகவே கடைசி நேரப் பொறுப்பைத் தன்னார்வலர் தலையில் மட்டும் போடாமல், மேலாண்மைக் குழுப் பெற்றோரில் ஒருவரை முறை வைத்து உட்கார வையுங்கள். தெருவில் தினமும் பார்க்கும் ஆள் கேட்டை மூடக் காத்திருந்தால், அடுத்த வாரமே சீக்கிரம் வருவார்கள்.