வலிக்கவில்லை என்கிறார், கண்ணில் கசிகிறதாம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. பிறையில் லாரி ஓட்டுகிறார். எட்டு வருடமாக இனிப்புநீர். வெறும் வயிற்றில் பார்த்தாலே சர்க்கரை 11 மில்லிமோலுக்குக் குறைவதில்லை. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 10. "எங்கேயும் வலிக்கலையே" என்று மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுகிறார். இப்போது கிளினிக்கில் கண்ணைப் படம் பிடித்துவிட்டு, உள்ளே ரத்தக்குழாய் கசிகிறது என்கிறார்கள். சர்க்கரை கூடினால் குழாய் எப்படிக் கெடும், மிஸ்ஸி? வருகிற தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலில் பால்குடம் எடுப்பேன் என்கிறார். விடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, வலிக்கவில்லை என்று அவர் சொல்வது உண்மைதான். எனக்குப் பயமே அதுதான். ரத்தக்குழாயின் உள்சுவர் கெடும்போது வலி தெரியாது. நான் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில், கால்விரல் கறுத்த பிறகு வந்தவர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள்.

நல்ல உடம்பில், மொத்த ரத்தத்திலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரைதான் ஓடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அது இரவு பகலாக, வருடக்கணக்கில் ஓடுகிறதே.

ரத்தம் பாகாகி அடைத்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தசைக்குள் சர்க்கரை தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். குழாயின் உள்சுவரில் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியே கூடினால் உள்ளேயும் கூடும், தடுக்க அவற்றுக்குத் தெரியாது. கண், சிறுநீரகம், நரம்பு மூன்றிலும் இப்படிப்பட்ட செல்கள் இருப்பதால்தான் இனிப்புநீர் அங்கே முதலில் கைவைக்கிறது. உள்ளே குவிந்த சர்க்கரை எரியும்போது சூப்பராக்சைடு என்ற நச்சு அளவுமீறி உண்டாகிறது என்று நியூயார்க்கின் ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரௌன்லீ 2001இல் விளக்கினார். குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அந்த நச்சு அழித்துவிடும். குழாய் இறுகும், உள்சுவரில் கொழுப்பு படியும். பெரிய குழாயில் இது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போய் முடியும்.

இன்னொன்றும் நடக்கிறது. சர்க்கரை புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டி சானாய் கல்லில் சிவக்கிறதே, அந்த வேதியியல்தான், உடம்புச் சூட்டில் மெதுவாக நடக்கிறது. சுவர் விறைத்துப்போகும். எச்பிஏ1சி 10 என்றால் அவருடைய ஹீமோகுளோபினில் நூற்றுக்குப் பத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் அது இரண்டு மூன்று மாதக் கணக்கு. கிளினிக்குக்கு முந்தின நாள் மட்டும் சர்க்கரை போடாத தே ஓ கோசோங் குடித்தால் மாறாது.

கண்ணில், நுண்குழாயைச் சுற்றித் தாங்கும் செல்கள் முதலில் சாகும். தாங்கல் போன இடம் புடைத்துக் கசியும். படத்தில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது இதுதான். கண்ணில் கசிந்தால் சிறுநீரகத்தையும் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று சோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். பிரஷரையும் விடாதீர்கள், அது குழாயை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

மனம் விடாதீர்கள். பிரிட்டனில் இனிப்புநீர்க்காரர்களிடம் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வில் எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. 10 என்பது 9 ஆனாலே லாபம்தான். ஆனால் விட்ட மாத்திரைக்கு ஈடாக இரட்டிப்பாகப் போடக் கூடாது. லாரி ஓட்டும்போது சர்க்கரை தாழ்ந்தால் ரோட்டில் போகிற எல்லோருக்கும் ஆபத்து. சர்க்கரை சட்டென்று இறங்கும்போது கண் கொஞ்ச நாள் மோசமாவதும் உண்டு. அதனால் கண் டாக்டர் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

பால்குடத்துக்கு வருகிறேன். வேண்டுதலைத் தட்டச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் வெயில் ஏறிய தாரில் நடந்து, உள்ளங்கால் தோல் கழன்ற பிறகும் "ஒன்னும் தெரியல மிஸ்ஸி" என்றவர்களுக்குக் கட்டுப் போட்டவள் நான். நரம்பு மரத்த கால் அப்படித்தான். குழாயும் கெட்டிருந்தால் அந்தப் புண் ஆறாது. கிளினிக்கில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தெரியாவிட்டாலும் வெறுங்கால் கூடாது. குடத்தை நீங்கள் எடுங்கள், அவர் படி வரைக்கும் காலணியோடு கூட வரட்டும். முருகன் கோபிக்க மாட்டான். எல்லா இடத்திலும் தெரிந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு, தார் சூடேறுவதற்குள் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்கு வரைக்கும் நீங்களே பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள், மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.