ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் வலுவான வலிநிவாரணி) மேல் வெந்நீர்ப் பை வைக்கலாமா?

கூடவே கூடாது, பையை உடனே எடுத்துவிடுங்கள். ஒத்தடம் கொடுத்ததிலிருந்து அம்மா தூங்கி வழிகிறார் என்கிறீர்களே, பெரும்பாலும் அந்தச் சூடுதான் காரணம். 72 மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக இறங்க வேண்டிய மருந்து, சூடு பட்டால் மளமளவென்று ரத்தத்தில் ஏறிவிடும். கடுங்காய்ச்சலிலும் இதே கதைதான்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு நிமிடம் முழுக்க மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். எழுப்பவே கஷ்டமாக இருந்தாலோ, மூச்சு 10-க்குக் கீழே போனாலோ, குறட்டை போல இழுத்து இழுத்து வந்தாலோ பேட்ச்சை உரித்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிவாகப் பேசினாலும் மருத்துவருக்கு இப்போதே போன் போடுங்கள்.

உரித்தவுடன் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தோலில் தேங்கிய மருந்து அதன்பிறகும் பல மணி நேரம் ஏறும். ஒரு நாளாவது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். உரித்ததிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.