புதிதாக வந்த மின்சார ஸ்கூட்டரை உடனே வாங்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா?

கேட்கிற விதத்தைப் பார்த்தால் நீங்கள் முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது. 2022 பிப்ரவரியில் நானும் அப்படித்தான் கட்டிவிட்டு யோசித்தேன். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கீழே கமெண்ட்டில் அந்தச் சண்டை மட்டும்தான் நடக்கும்.

மின்சார வண்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன், 38,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மோட்டாரும் பேட்டரியும் இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. என்னைப் பெட்ரோல் வண்டிக்காரன் என்று திட்ட வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 19 வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். புது மாடலின் முதல் சில ஆயிரம் வண்டிகளில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. பாகங்களை வார்க்கும் அச்சு இன்னும் சரியாகப் படிந்திருக்காது. லைனில் நிற்பவர்களில் பாதிப் பேர் புதுசு. ஒயர்களை இணைக்கும் கனெக்டரை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகவே சில வாரம் ஆகும். சப்ளையர் மாதிரிக்குக் கொடுத்த பாகம் ஒரு தரத்தில் இருக்கும், ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும்போது வருவது வேறாக இருக்கும். இதையெல்லாம் பிடிக்கத்தான் பைலட் லாட், அதாவது விற்பனைக்கு முன் சோதனைக்காக ஒரு சின்னத் தொகுதி, ஓட்டுகிறோம். அறிமுகத் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் முதலில் குறைக்கப்படுவது அந்தச் சோதனை நாட்கள்தான். மீதியை அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சாஃப்ட்வேருக்குச் சரி. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை எந்த அப்டேட்டில் மாற்றுவது?

என் வண்டி வெயில் காலம் முழுக்க அருமையாக ஓடியது. நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம், பின்னால் மகள், பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. சைடு ஸ்டாண்ட் போட்டிருக்கிறது என்று டிஸ்ப்ளே காட்டுகிறது. ஸ்டாண்ட் மேலே மடக்கித்தான் இருக்கிறது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அந்தச் சத்தத்தில் மகள் என் சட்டையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. சென்சார் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டாண்ட் கீழே இருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை நிறுத்திவிட்டது. மொத்தத்துக்கும் காரணம் சில ரூபாய் பெறாத ஒரு சீல்.

வண்டி 17 நாள் சர்வீசில் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. வண்டியை எடுக்கப் போன அன்று மெக்கானிக் பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், உங்க பேட்ச்ல எல்லாத்துலயும் இதே பிரச்சனைதான். ஜூலைக்கு அப்புறம் வந்த வண்டில சீலையே மாத்திட்டாங்க."

ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது. நவம்பரில் நான் மகளோடு பாலத்தின் மேல் நிற்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு லாட்டில் கோளாறு என்று தெரிந்தால் லாட் நம்பரை வைத்து, அனுப்பிய பெட்டி வரைக்கும் தேடித் திரும்ப எடுப்போம். ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து அந்த வேலையை நானே செய்திருக்கிறேன். ஆரம்பகாலக் கோளாறின் மேல் எனக்குக் கோபமே இல்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, முதலில் நம்பி வாங்கியவனுக்குச் சொல்லாமல் விட்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. தரம் என்றாலே நாங்கள் உதாரணம் காட்டும் டொயோட்டாவே 2022 ஜூனில், பிஇசட்4எக்ஸ் மின்சாரக் கார் சந்தைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள், சுமார் 2,700 கார்களைத் திரும்ப அழைத்தது. சக்கரத்தின் ஹப் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும் என்ற பயம். ஆனால் அவர்கள் காரை ஓட்டாதீர்கள் என்று உரிமையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் வேண்டாம் என்றவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள்.

இங்கேயும் அதே வருடம் ஏப்ரலில், ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000, ஓலா 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தன. என் வண்டி இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார், கீழ்த்தளத்தில் சார்ஜ் போடக்கூடாது என்று. என் மீட்டரிலிருந்து, என் செலவில், எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வைத்துத் தனி லைன் இழுக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அதே கீழ்த்தளத்தில் பெட்ரோல் நிரப்பிய கார்கள் வரிசையாக நிற்கின்றன, ஜெனரேட்டருக்கு டீசல் கேன் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதம் ஆபீஸில்தான் சார்ஜ் போட்டேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். வீட்டில் இன்னொரு வண்டி இல்லையென்றால் ஒரு மழைக்காலம் போகட்டும். இருக்கிறதென்றால் எடுங்கள், ஆனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். உங்களுடையதற்குப் பிறகு வந்த வண்டிகளில் எந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சர்வீசிலும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் ஈமெயிலில் கேளுங்கள், போனில் கேட்டது எதற்கும் உதவாது. சைடு ஸ்டாண்ட் கனெக்டரில் சீல் உட்கார்ந்திருக்கிறதா என்று டெலிவரி அன்றே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.