கல்லூரி முதல்வர்களுக்குச் சிறிய கலந்துரையாடல் அமர்வு நடத்துவது எப்படி?

கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கு இப்படிப்பட்ட அமர்வுகளை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

15 பேர் போதும், மிஞ்சினால் 18. அதற்கு மேல் போனால் மைக் வேண்டும். மைக் கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் சொற்பொழிவுதான் வரும்.

யாரை அழைக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுயநிதிக் கல்லூரி முதல்வர் தன் தாளாளர் எதிரே வாய் திறக்க மாட்டார். "எங்க காலேஜ்ல பிரச்சினை ஒண்ணும் இல்ல சார்" என்று முடித்துக்கொள்வார். கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் இருந்தால் எல்லோரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். அவரைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அழையுங்கள். அவர் அலுவலகம் தீர்க்கவேண்டிய விஷயங்கள் அதற்குள் திரண்டிருக்கும்.

ஒவ்வொருவரும் தன் கல்லூரியில் இன்னும் தீராத ஒரு சிக்கலை ஒரே பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உதாரணமாக, அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர வரிசை நிற்கிறது, கணிதத்தில் இடங்கள் காலி. உதவிப் பேராசிரியருக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி வாரம் 16 மணி நேர வகுப்பு வேண்டும்; கணிதத் துறையில் அவ்வளவு வகுப்பு இல்லை. அந்த ஆசிரியரை என்ன செய்வது? எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசவைக்கும்.

ஒரு சிக்கலுக்கு 45 நிமிடம். அதைக் கொண்டுவந்தவர் 10 நிமிடம் சொல்கிறார். அடுத்த 15 நிமிடம் கேள்விகள் மட்டும், அறிவுரை கிடையாது. இதுதான் மிகக் கடினமான பகுதி. வாழ்நாளெல்லாம் வகுப்பெடுத்தவர்கள், பதில் சொல்லாமல் இருக்கச் சிரமப்படுவார்கள். "ஒரு கமிட்டி போட்டிருக்கலாமே?" என்பதும் அறிவுரைதான். "ஐயா, இப்போது கேள்வி மட்டும்" என்று மூத்தவரையும் தயங்காமல் நிறுத்தவேண்டும். பிறகு மற்றவர்கள் விவாதிக்க, சிக்கலைக் கொண்டுவந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்கட்டும். தான் முதலில் செய்யப்போவது என்ன என்பதை அவர் கடைசி 5 நிமிடத்தில் சொல்லவேண்டும். ஒரு நாளில் நான்கு சிக்கல்களுக்கு மேல் எடுக்காதீர்கள். மற்றவை அடுத்த அமர்வுக்கு.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் சேர்ந்தால் காலை அமர்வே போய்விடும். வேண்டாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்புக்கு, எடுத்த இடம் பதிவான ஜியோடேக் புகைப்படமும் சான்றிதழும் முதல்வர்கள் கேட்பார்கள், அவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. தேநீர் இடைவேளையில் முடித்துக்கொடுங்கள்.

பேசியது வெளியே போகாது என்ற உறுதியைத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் வாங்குங்கள். ஆறு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, செய்வதாகச் சொன்னது எந்த அளவில் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கே தடைபட்டதோ, அடுத்த அமர்வை அதிலிருந்து தொடங்கலாம்.