லிப்டன் சீட் நடக்க 'ஹைக்கிங் கிட்' வேணுமா?

கேள்வி: டிசம்பர் லீவுல அம்மா, ரெண்டு பிள்ளைகளோட மட்டக்களப்புல இருந்து வாறம். ஒருநாள் லிப்டன் சீட் (ஹப்புத்தளைப் பக்கம் மலை உச்சியில நின்னு பாக்கிற இடம்), மறுநாள் ஹோர்ட்டன் சமவெளி. வேன் ஏற்பாடு செய்றவர் ஆளுக்கொரு கிட் (பூட்ஸ், அட்டை ஏறாம போடுற லீச் சொக்ஸ், கம்பு) வாடகைக்கு எடுக்கச் சொல்றார், இல்லாட்டி அட்டை விடாதாம். அம்மாவுக்கு சீனி வருத்தம். என்ன போடுறது, என்ன கொண்டு போறது?

பதில்: கிட் வேணாம், காச கையில வைங்க. தம்பேதன்ன தேயிலை ஃபெக்டரில இருந்து லிப்டன் சீட் சுமார் 7 கிலோமீட்டர், ஓட்டோவே மேல வரைக்கும் போற தார் ரோடு, அதுல நடக்க லீச் சொக்ஸ் எதுக்கு? அட்டையச் சொல்லி பயங்காட்டி வாடகை வாங்குறது இப்ப ஒரு தொழிலாவே ஆகிப்போச்சு, கேக்கிறதுக்கு ஆளும் இல்ல. வாடகை பூட்ஸ் யாரோட காலுக்கோ பழகினது, ஈரம் காயாமலே அடுத்தவங்களுக்குக் குடுப்பாங்க, பாதி வழியில குதிகால் கொப்புளிச்சிடும். வீட்டுல போட்டுப் பழகின, அடி வழுக்காத சப்பாத்து போதும். மழையில தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில இறங்கினா மட்டும் காற்சட்டைய மேஸுக்குள்ள செருகி, மேஸ் மேல சவர்க்காரத்த நல்லா தேய்ச்சுக்குங்க. அப்பிடியும் அட்டை கடிச்சா பிச்சு இழுக்காதீங்க, மெல்லிசா இருக்கிற நுனிப்பக்கம் நகத்த வச்சுத் தள்ளினா விட்டுடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, கழுவி அமத்திப் பிடிங்க.

அம்மா விஷயம் வேற. சீனி இருக்கிறவங்களுக்கு பாதம் மரத்துப் போயிருக்கலாம், சப்பாத்துக்குள்ள கல்லு கிடந்தாலும் தெரியாது, ராத்திரி மேஸ கழட்டும்போதுதான் புண்ணையே பாப்பாங்க. அதனால பயணத்துக்குன்னு புதுச் சப்பாத்து வாங்கிக் குடுக்காதீங்க, செருப்பும் வேணாம். போடுறதுக்கு முந்தி உள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க, நடுவுல ஒருக்கா உக்கார வச்சு விரல் இடுக்கு வரைக்கும் நீங்களே பாருங்க. எல்லாரும் மேல ஓட்டோவுல போய் நடந்து இறங்குவாங்க, அம்மாவ அப்பிடி விடாதீங்க, இறக்கத்துலதான் விரல் நுனி போய் இடிக்கும். முடிஞ்ச மட்டும் ஏறி நடக்கட்டும், இறங்க ஓட்டோ. சீனி திடீர்னு இறங்கினா குடுக்க பையில டொஃபியோ குளுக்கோசோ இருக்கணும், சாப்பாட்ட பிந்த விடாதீங்க.

டிசம்பர்ல வடகிழக்கு பருவமழை, ஹப்புத்தளைப் பக்கம் நல்லா நனையும், ஹட்டன், மஸ்கெலியாவுல அதே நாள் வெயில் அடிக்கும். வானிலை அறிவிப்புல மாகாணம், மாவட்டம்னு பேர சொல்லி முடிச்சிடுறாங்க, ஒரே மலைக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு எத்தன வருஷமா சொல்லியாச்சு! ஆளுக்கொரு ரெயின்கோட், மாத்த ஒரு சோடி மேஸ். ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது.

ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டர் உயரம், விடியக்காலைக் குளிர் உங்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாங்காது. தடிப்பா ஒரு ஜாக்கெட் போடுறத விட, வெயில் ஏற ஏற ஒவ்வொண்ணாக் கழட்டுற மாதிரி மெல்லிசா மூணு போடுங்க. வாசல்ல பையத் திறந்து பொலித்தீன் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க, பிஸ்கட்ட முதல் நாள் ராத்திரியே பெக்கட்ட உடைச்சு டப்பாவுல போட்டுடுங்க.