இல்லஸ்ட்ரேஷன் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் பாதியில் நின்றுவிடுகின்றன. நீங்கள் எப்படித் தொடங்கி எப்படி முடிக்கிறீர்கள்?

"முதல் இரண்டு பக்கம் பிரமாதமாக வருகிறது, அப்புறம் கை ஓடமாட்டேன் என்கிறது" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடுதி என்றால் படுக்கைதான் மேசை. வீடு என்றால் "இன்னும் அதையேதான் வரைஞ்சிட்டு இருக்கியா?" என்று யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இரண்டும் பழக்கம்.

உங்கள் சிக்கல் அந்த "முதல் இரண்டு பக்கம் பிரமாதம்" என்பதிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தை முதலில் முடிக்காதீர்கள்.

என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் 24 பக்கப் படக்கதை. எண்ணூர் கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பற்றியது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு, சில இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அடியில் உள்ள சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவும் அந்தத் தண்ணீரை என்ன செய்தன என்பது தனிக் கதை. என் புத்தகத்தில் அது இரண்டு பக்கம்தான் வந்தது. "ஏன் குறைத்துவிட்டாய்?" என்று ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழுவில், ஒருவர் கேட்டார். எட்டு வயதுக் குழந்தைக்கான புத்தகம், அறிக்கை இல்லை என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஏன் 24 பக்கம்? நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். 22 பக்கத்துக்குக் கதை யோசித்துக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போனால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். அளவும் அப்படித்தான். நான் போகும் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஓடுவது 12×18 அங்குலத் தாள். அதில் 8 அங்குலச் சதுரப் பக்கங்கள் இரண்டு அருகருகே, நாலா புறமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டும் தாராளமாக அடங்கும். ஆக, ஒரு கோடு போடுவதற்கு முன்பே கடையில் தாளும் விலையும் விசாரித்தாயிற்று. என் வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். வரைந்து முடித்த பிறகு அளவு மாற்ற உட்கார்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

அடுத்தது டம்மி, அதாவது புத்தகத்தின் கச்சா மாதிரி. பழைய நோட்டுத் தாள்களை மடித்துப் பின் அடித்து, உள்ளங்கை அளவில் ஒன்று செய்துகொண்டு, 24 பக்கத்தையும் பென்சிலில் கிறுக்கினேன். குச்சி மனிதர்கள்தான். அழகாக வந்தால் அழிக்க மனசு வராது, அதனால் வேண்டுமென்றே மோசமாக வரைய வேண்டும். புரட்டிப் பார்த்தால் கதையின் நோய் தெரியும். எனக்குத் தெரிந்தது, தொடர்ந்து ஆறு பக்கத்தில் ஆட்கள் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நிற்கிறார்கள் என்பது. ஒரு பக்கத்தை மேலிருந்து பார்ப்பதாக மாற்றினேன். ஒன்றில் ஆளே இல்லை, தண்ணீர் மட்டும். முகமோ கையோ நடு மடிப்பில் விழுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பெரிய தலைவலி வேறு. இந்த வேலையில் முக்கியமானது எல்லாம் கலங்கிய தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. மேலே தெரிவது ஒரு தலை, ஒரு கூடை. இதை வைத்து 24 பக்கமா? கடைசியில் பக்கத்தைக் குறுக்கே ஒரு நீர்க்கோட்டால் பிரித்தேன். மேலே பேனாவும் நீர்வண்ணமும். கீழே தேநீர்ச் சாயம் பூசிய தாளில் கரி பென்சில், அதில் கைகள் மட்டும். இறால் பயந்தால் வாலை மடக்கிப் பின்பக்கமாகத் தெறிக்கும். அதனால் விரல்கள் முன்னிருந்தும் பின்னிருந்தும் நெருங்கி வருவதைக் கட்டம் கட்டமாகக் காட்ட முடிந்தது. இது மேசையில் உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்ப் போய்க் கரையில் உட்கார்ந்ததில் வந்தது. பென்சில் படத்தைக் காட்டியபோது ஓர் அம்மா கூடையைக் கடித்திருக்கும் வாயைத் தொட்டு, "பாப்பா, இவ்ளோ லேசா கடிச்சா கூடை தண்ணியோட போயிடும்" என்றார். அதன் பிறகுதான் தாடை எலும்பு புடைத்து, கழுத்து நரம்பு தெரிய வரைந்தேன். அட்டைப்படமே அந்தத் தாடைதான்.

இனி நீங்கள் கேட்ட "முடிப்பது". பக்கம் பக்கமாக முடிக்க வேண்டாம். எல்லாப் பக்கத்துக்கும் பென்சில், அப்புறம் எல்லாவற்றுக்கும் மை, அப்புறம் எல்லாவற்றுக்கும் வண்ணம். பந்தியில் ஓர் இலைக்குப் பாயசம் வரை பரிமாறிவிட்டா அடுத்த இலைக்குப் போகிறார்கள்? வண்ணத்தையும் நடுப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கமும் அட்டையும் கடைசியில். அதற்குள் கை பழகியிருக்கும். முதலில் வரைந்த சுமாரான பக்கங்கள் நடுவில் மறைந்துவிடும்.

"கலை என்ன அச்சுக்கூட வேலையா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஓவியர் மணியம் 1950 முதல் கல்கி இதழில் பொன்னியின் செல்வனுக்கு வாராவாரம் வரைந்தார். இதழ் அச்சுக்குப் போகும் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. அந்தப் படங்களைக் கலை இல்லை என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஐபேடில் வரைபவர்கள் இதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லக்கூடும். நானும் பாதி வேலை கிரிட்டாவில்தான் (Krita) செய்கிறேன், அது வரைவதற்கான இலவச மென்பொருள். எதில் வரைந்தாலும் டம்மி டம்மிதான்.

வரைந்தபின் வரும் வேலையில்தான் பலர் ஓய்ந்துபோகிறார்கள். ஸ்கேன், அழுக்கு நீக்கம், எழுத்துச் சேர்ப்பு எதிலும் சுவாரசியம் கிடையாது. அதற்கு மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். ஒரு விரிப்பை (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம்) மட்டும், அதே கடையில், அதே தாளில் முன்கூட்டியே அடித்துப் பாருங்கள். என் சேற்றுப் பழுப்பு திரையில் அழகாக இருந்தது. மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூச்சு இல்லாத தாள், மையை உறிஞ்சியதில் தார் அப்பியது போல ஆகிவிட்டது. எல்லாப் பக்கத்திலும் கீழ்ப்பாதியை வெளிறச் செய்தேன். தமிழ் எழுத்து சேர்க்கிறீர்கள் என்றால், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் நிற்கும். எழுத்து முழுக் கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நாலு வண்ணத்தில் கலந்து அடித்தால் தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் கலங்கிவிடும்.

ப்ராசஸ் ஷீட், அதாவது வேலை எப்படி வளர்ந்தது என்று காட்டும் தாள்கள் பற்றி ஒன்று. முடித்த பிறகு உட்கார்ந்து மூட் போர்டும் (வண்ணம், படம் எல்லாம் ஒட்டிய யோசனைப் பலகை) "ஆரம்ப ஸ்கெட்ச்சும்" தயாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். நான் கறை படிந்த டம்மியை அப்படியே வைத்தேன். "பிரசென்டேஷன் போதவில்லை" என்று குறைத்தார்கள். போகட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தபோது ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், "டெஸ்ட்" என்று சில படங்கள் கேட்டது. அனுப்பினேன், பதிலே இல்லை. அடுத்த ஆண்டு அவர்களுடைய காலண்டரில் என் கொக்கு, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கிறது. கேட்டதற்கு "கான்செப்ட் எங்களோடது" என்றார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாததால் அந்தக் கொக்கு அந்தச் சுவரிலேயே நின்றது. டெஸ்ட் படம் கேட்டால் சின்ன அளவில், குறுக்கே பெயர் எழுதி அனுப்புங்கள். அதுவே பிடிக்கவில்லை என்றால் அந்த இடமே வேண்டாம்.

சரி, உங்கள் விஷயம். பாதியில் நிற்பவற்றில் எதற்குத் தேதி நெருங்குகிறதோ அதற்கு மட்டும் ஒரு டம்மி மடியுங்கள், மற்றவை பீரோவில் இருக்கட்டும். டம்மியைப் படமெடுத்து, தாளும் பக்க அளவும் எழுதிக் கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். செமஸ்டர் கடைசியில் கேட்டால் எனக்கும் வேலை கழுத்தை நெரிக்கும், இப்போதே போடுங்கள்.